எல்.இ.டி. கருகாமல் சோல்டர் பண்ணுவது எப்படி?

கிளிநொச்சியில் சோலார் விளக்கு திருத்தும்போது, புதிதாகப் போடும் எல்.இ.டி.யே சூட்டில் பழுதாகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சூடு எல்.இ.டி.யின் கம்பிக் காலின் வழியாகத்தான் உள்ளே ஏறுகிறது. ஈயம் வைக்கும் இடத்துக்கும் எல்.இ.டி.யின் உடலுக்கும் நடுவில், காலை ஒரு முதலைக் கிளிப்பால் கவ்விவிடுங்கள். சூட்டை அது இழுத்துக்கொள்ளும். ஈயம் இறுகும்வரை எடுக்க வேண்டாம்.

பலர் பயந்து சோல்டரிங் அயனின் சூட்டைக் குறைக்கிறார்கள். அதுதான் பிழை. 60/40 ஈயம் (60% வெள்ளீயமும் 40% ஈயமும் கலந்த சோல்டர்) கிட்டத்தட்ட 190 பாகை செல்சியஸில் உருகும். முனை சுத்தமாக, 350 பாகையில் இருந்தால் 3 செக்கனுக்குள் வேலை முடியும். ஆறிய முனையோடு 10 செக்கன் மினக்கெட்டால் உள்ளே வெந்துவிடும். வன்னி வெக்கைக்கு மேசை விசிறி வேண்டும், சரி. ஆனால் காற்று முனையில் படாமல் திருப்பி வையுங்கள்.

ஐ.சி. (பல கால்கள் உள்ள சிப்) என்றால், அதைச் செருகும் சொக்கற்றை முதலில் சோல்டர் பண்ணி, ஆறிய பிறகு ஐ.சி.யைச் செருகுங்கள்.