பேய் அறைக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: லண்டனில் இருக்கிறோம். இங்கிலாந்தின் ரை ஊரிலுள்ள மெர்மெய்ட் இன் விடுதியில், பேய் நடமாடுவதாகச் சொல்லும் அறையில் ஓர் இரவு தங்க ஆசை. எந்த அறையைக் கேட்பது? புக்கிங்கில் கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: மெர்மெய்டின் நிலவறை 1156-ஐச் சேர்ந்தது. மேலே நிற்கும் மரச்சட்டக் கட்டடம் 1420-இல் திரும்பக் கட்டப்பட்டது. 1730, 40-களில் ஹாக்ஹர்ஸ்ட் கள்ளக்கடத்தல் கும்பல் தோட்டா போட்ட துப்பாக்கிகளை மேசைமேல் வைத்துக்கொண்டு குடித்த இடம் இது. அறைகள் 31, கதை ஒட்டிக்கொண்டிருப்பது அவற்றில் சிலவற்றில்தான். பெயர்போனது 16-ஆம் எண்: இருவர் வாள்சண்டை போட்டு, தோற்றவன் உடலைத் தரைக்கதவு வழியே கீழே தள்ளினார்களாம். 17-இல் ஆடுநாற்காலி தானாக ஆடுமாம். 1-இல் கணப்புக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்காருவாளாம்; அதில் போட்ட துணி காலையில் நனைந்திருக்குமாம்.

பயணத் தளங்கள் விற்பது பெரும்பாலும் அறையின் வகையைத்தான், எண்ணை அல்ல. ‘நான்கு தூண் கட்டில்’ என்று காசு கட்டிவிட்டு, போய் இறங்கியதும் வேறு அறைச் சாவியைக் கொடுத்தால் உங்கள் பக்கம் வாதம் இல்லை. எனவே விடுதிக்கே போன் போடுங்கள். அறை எண்ணைச் சொல்லி, “இந்த அறைக்காக மட்டுமே பதிவு செய்கிறோம், அது கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திரும்ப வேண்டும்” என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர்கள் ‘சரி’ என்று பதில் போட்ட பிறகே பணம். ‘முயற்சி செய்கிறோம்’ என்று பதில் வந்தால் அது உறுதி ஆகாது. அறையைத் தருவதாக விடுதி எழுத்தில் சொன்னாலும் வாயால் சொன்னாலும், அதை நம்பி நீங்கள் பதிவு செய்திருந்தால், 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி அது ஒப்பந்தத்தின் பகுதி. மீறினால் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லலாம். வாய்ப்பேச்சை நிரூபிப்பது பெரும்பாடு என்பதால்தான் மின்னஞ்சல்.

கிரெடிட் கார்டில் கட்டுங்கள். விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000-க்கு மிகாமல் இருந்தால், ஒப்பந்த மீறலுக்கு 1974 கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் கார்டு நிறுவனமும் பொறுப்பு. இடையில் ஒரு பயணத் தளம் பணத்தை வாங்கினால் இந்தப் பாதுகாப்பு அறுந்துபோகக்கூடும்.

வீட்டில் முதியவர்கள் வந்தால் படிக்கட்டு எத்தனை என்று முன்பே கேளுங்கள். மெர்மெய்ட் தெரு கூழாங்கல் பாவிய ஏற்றம். சக்கரப் பெட்டி அங்கே உருளாது, குதிக்கும்.

கேள்வி: புக் செய்த பிறகு மனைவிக்குப் பயம் வந்துவிட்டது. 14 நாளுக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் வரும் என்கிறார்களே?

பதில்: வராது. அந்த 14 நாள் சலுகை இணையத்தில் வாங்கும் பொருள்களுக்கும் பல சேவைகளுக்கும் உண்டு. குறிப்பிட்ட தேதிக்கான தங்குமிடத்தை 2013 நுகர்வோர் ஒப்பந்த விதிகள் விலக்கிவிட்டன. உங்களுக்குப் பொருந்துவது விடுதியின் ரத்து நிபந்தனை. ஆனாலும் எவ்வளவு முன்னதாகச் சொன்னாலும் ஒரு பென்னிகூடத் திருப்ப மாட்டோம் என்ற நிபந்தனையை நியாயமற்றது என்று எதிர்க்கலாம். முடிவெடுத்த அன்றே சொல்லிவிடுங்கள். அந்த அறையை வேறு யாருக்காவது மறுபடி விற்றார்களா என்றும் கேளுங்கள். விற்றிருந்தால் உங்கள் வாதம் வலுக்கும்.

கேள்வி: பேய் வரவில்லை என்றால்?

பதில்: நீங்கள் வாங்கியது அறை, பேய் அதில் இலவச இணைப்பு. வராததற்கு ஒரு பைசா கேட்க முடியாது.

கேள்வி: இரவில் சத்தம், குளிர், ஈரம். புகார் செய்யலாமா?

பதில்: அறுநூறு வயது மரம் பகல் சூட்டில் விரிந்து, இரவு ஹீட்டர் அணைந்ததும் சுருங்கும். அப்போது எழும் ‘டக்’ ஓசை பக்கத்தில் யாரோ நடப்பதுபோலவே கேட்கும். புகைபோக்கி வழியே குளிர்காற்று இறங்கும்; கணப்பருகே நாற்காலியில் ஈரம் காண இதுவும் ஒரு காரணமாகலாம். துணியை அலமாரியில் வையுங்கள். இவற்றுக்காகப் பணம் கேட்டு ஜெயிப்பது கடினம். ஹீட்டர் ஓடாதது, கூரை ஒழுகுவது, வெந்நீர் இல்லாதது வேறு விஷயம். பேயோ குழாயோ, ஈரத்தைக் கண்டவுடன் நேரம் தெரியப் படம் எடுத்து, அப்போதே ரிசப்ஷனில் சொல்லுங்கள். விடிந்து பில் கட்டும்போது சொன்னால் “ராத்திரியே சொல்லியிருக்கலாமே” என்பார்கள். அது நியாயமும்கூட.

கேள்வி: பேய் தேடும் மின்காந்த மீட்டர் வாங்கிப் போகலாமா?

பதில்: பொழுதுபோக்குக்கு வாங்கலாம், ஆதாரத்துக்கு வேண்டாம். அது காட்டுவது மின்காந்தப் புலத்தை. பழைய வயரிங், படுக்கையோர விளக்கு, உங்கள் செல்போன் எல்லாமே முள்ளை ஆட்டும். போனை விமானப் பயன்முறையில் போட்டு, பகலிலேயே சுவரோரம் அளந்து குறித்துக்கொண்டால் இரவு ஏமாற மாட்டீர்கள். பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் மிதக்கும் வெள்ளை உருண்டை, லென்ஸுக்கு அருகே பறக்கும் தூசு.

விலையுள்ள கேமராவை அறையில் விட்டுவிட்டு நிலவறை பார்க்கக் கிளம்பாதீர்கள். 1956 விடுதி உரிமையாளர் சட்டப்படி அறிவிப்பு மாட்டியிருந்தால், திருட்டுக்கு விடுதியின் பொறுப்பு ஒரு பொருளுக்கு 50 பவுண்டு, மொத்தம் 100 பவுண்டோடு முடியலாம். ஊழியரின் கவனக்குறைவால் போனாலோ, பாதுகாக்கச் சொல்லி ரிசப்ஷனில் ஒப்படைத்திருந்தாலோ அந்த வரம்பு இல்லை. ஒப்படைத்ததற்குக் கையெழுத்துச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.