மதுரையைச் சுற்றி மலை, கண்மாய், கால்வாய்: கேட்டதும் சொன்னதும்

வணக்கம். மேலூர்ப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சம்பளம் வாங்கிய காலத்திலும் சரி, இப்போதும் சரி, ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏதாவது ஒரு குன்றின் மேலோ கண்மாய்க் கரையிலோதான் இருப்பேன். மீனாட்சியம்மன் கோயிலைப் பற்றியும் மகாலைப் பற்றியும் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதற்கு வெளியே இருப்பதைக் கேளுங்கள். மேலே வந்த பதில்களை ஒருமுறை படித்துவிட்டுக் கேட்டால் நல்லது.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்: ஐயா, குடும்பத்தோடு மதுரை வருகிறோம். கோயில் தரிசனம் போக ஒரு நாள் கையில் இருக்கிறது. எங்கே போகலாம்?

கீழக்குயில்குடிக்குப் போங்கள். நகரிலிருந்து மேற்கே 10, 12 கிலோமீட்டர்தான். ஊருக்குள் நுழைந்ததும் தாமரைக் குளம், அதன் பக்கத்தில் அய்யனார் கோயில், பெரிய ஆலமரம், பின்னால் சமணர் மலை. காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் பாறை சுட ஆரம்பித்துவிடும்.

கோயிலுக்குப் பின்னால் பாறையில் படி இருக்கிறது. ஏறினால் பேச்சிப்பள்ளம். அங்கே ஒரு சுனை, அதற்கு மேலே பாறை முகப்பில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள். மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி எல்லோரும் இருக்கிறார்கள். தலைக்கு மேல் பாம்பு குடை பிடித்தால் பார்சுவநாதர், கால்களைச் சுற்றிக் கொடி படர்ந்திருந்தால் பாகுபலி. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டு அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் சில வரிகள் உண்டு. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் இவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் அவை.

இறங்கி மலையின் மறுபக்கம் போனால் செட்டிப்புடவு. குகை வாசலில் அமர்ந்திருக்கும் பெரிய தீர்த்தங்கரரை, அதாவது சமணர் வணங்கும் அருகரை, ஊரில் செட்டியார் என்பார்கள். குகைக்குள் குனிந்து போய்க் கூரையின் வளைவைப் பாருங்கள். சிங்கத்தின் மேல் ஒரு பெண் தெய்வம், கையில் வில், எதிரே யானை மேல் ஒரு வீரன். அந்த வளைவுக்குள் ஒரு போரே நடந்துகொண்டிருக்கும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று சாக்பீஸ் தேய்த்துப் படம் எடுக்காதீர்கள். தேய்க்கத் தேய்க்கப் பாறையின் மேல்தோல் உதிர்கிறது. எழுத்து தெரிய வேண்டும் என்றால் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடியுங்கள், போதும்.

திருச்சி வாசகி: குட்லாடம்பட்டி அருவி குழந்தைகளுக்கு ஏற்றதா?

மழைக்காலத்தில் மட்டும்தான் தண்ணீர். அனுமதி உண்டா என்று வாடிப்பட்டியில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

சென்னையிலிருந்து: வைகையில் தண்ணீரே இல்லையே, மதுரையில் நீர்வழி என்று எதைப் பார்ப்பது?

பாலத்தின் மேல் நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும். வைகைத் தண்ணீர் ஆற்றில் ஓடுவதைவிடக் கால்வாயிலும் கண்மாயிலும்தான் அதிகம் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் மேற்கே பேரணைக்குப் போக வேண்டும்.

பென்னிகுவிக் கட்டிய பெரியாறு அணை 1895இல் முடிந்தது. மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பிக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி வைகையில் சேர்கிறது. 1959 முதல் அதை இடையில் வைகை அணை தேக்கி வைக்கிறது. அங்கிருந்து ஆற்றோடு வரும் தண்ணீரைப் பேரணையில் மறித்துப் பெரியாறு பிரதானக் கால்வாயில் விடுகிறார்கள். கள்ளந்திரி வரை இருபோகம், அதைத் தாண்டி மேலூர் பக்கம் ஒருபோகம். மேலூர்ப் பக்கத்து ஊர்களில் பென்னிகுவிக் படம் மாட்டிய வீடு இன்றும் உண்டு.

பேரணையிலிருந்து ஆற்றோடு கிழக்கே வாருங்கள். குருவித்துறை, தென்கரை, சோழவந்தான், திருவேடகம், தேனூர் என்று வரிசையாக ஆற்றங்கரை ஊர்கள். வழியெல்லாம் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலும். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடிக்காலுக்குள் விடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். வெளியே நாற்பது டிகிரி கொதித்தாலும் அகத்தி நிழலில் மண் ஈரமாக, கால் ஜில்லென்று இருக்கும். திருவேடகத்தில்தான் சம்பந்தர் இட்ட ஏடு வைகையை எதிர்த்து நீந்தி வந்து கரை சேர்ந்தது என்பது தலபுராணம். ஏடு சேர்ந்த இடம் ஏடகம். காரே வேண்டியதில்லை. திண்டுக்கல் பாதையில் பாசஞ்சர் ரயில் ஏறிச் சோழவந்தானில் இறங்கலாம்.

கால்வாயில் தண்ணீர் ஓடும்போது மட்டும் இறங்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும், உள்ளே இழுக்கும். சரிவான சிமெண்டுக் கரையில் பாசி பிடித்திருப்பதால் ஏறுவதற்குப் பிடிமானம் கிடையாது.

ஈரோட்டிலிருந்து: ஒரு நாள் மட்டும் இருக்கிறது, எங்கே போகலாம்?

முதல் பதில்.

தேனூரைச் சேர்ந்த ஒருவர், இப்போது பெங்களூரில்: தேனூர் என்று எழுதியதைப் பார்த்ததும் சந்தோஷம் ஐயா. அழகர் முதலில் எங்கள் ஊர் ஆற்றில்தான் இறங்கினார் என்று அப்பத்தா சொல்லும். உண்மையா?

உங்கள் அப்பத்தா சொன்னதற்கு ஊர் வழக்கும் துணை, ஒரு மண்டபமும் துணை. அழகர் மலையிலிருந்து அலங்காநல்லூர் வழியாக வந்து தேனூர் வைகையில் இறங்கி, சாபத்தால் தவளையான மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுத்துத் திரும்புவதுதான் பழைய விழா. மீனாட்சி கல்யாணம் தனி விழா. திருமலை நாயக்கர் காலத்தில், அதாவது 1623க்கும் 1659க்கும் இடையில், இரண்டையும் சித்திரையில் சேர்த்து, அழகரை மதுரைக்கு வரவைத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. இன்றும் வண்டியூர்ப் பக்கம் வைகையில் முனிவருக்கு விமோசனம் கொடுக்கும் மண்டபத்தின் பெயர் என்ன? தேனூர் மண்டபம். விழா இடம் மாறினாலும் உங்கள் ஊர்ப் பெயர் விழாவைவிட்டுப் போகவில்லை.

தல்லாகுளம் வாசகர்: வாத்தியார் ஐயா மன்னிக்கணும். தங்கையின் கல்யாணத்துக்கு வந்த அழகர், முடிந்துவிட்டது என்று கேட்டுக் கோபித்துக்கொண்டு திரும்புகிறார். இதுதானே கதை? தேனூர் எங்கே வந்தது? ஆதாரம் இல்லாமல் எழுதாதீர்கள்.

மன்னிப்பு எதற்கு, நல்ல கேள்வி. அந்தக் கதை மக்கள் மனசில் பிறந்தது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அழகர் கோயில் நடைமுறையில் ஆற்றில் இறங்குவதற்குச் சொல்லும் காரணம் மண்டூக முனிவர்தான். இன்னொன்றையும் யோசியுங்கள். சித்திரைத் தேர் எந்த வீதியில் ஓடுகிறது? மாசி வீதியில். கல்யாணம் ஒரு காலத்தில் மாசியில் நடந்தது என்று பெரியவர்கள் சொல்வதற்கு அந்தத் தெருப் பெயரைத்தான் காட்டுகிறார்கள்.

அலங்காநல்லூரிலிருந்து: எங்கள் ஊரை ஒரு வார்த்தையில் தாண்டிவிட்டீர்கள். அழகருக்கு அலங்காரம் நடந்த ஊர் என்பதால்தான் அலங்காரநல்லூர் என்று பெயர். தேனூருக்கு முன்னால் எங்களுக்குத்தான் மரியாதை!

சேர்த்துக்கொள்கிறேன். அந்தப் பெயர்க் காரணத்தை உங்கள் ஊரில் நானும் கேட்டிருக்கிறேன்.

மறுபடி தல்லாகுளம்: மண்டபத்துக்குப் பெயர் இருந்தால் வரலாறு ஆகிவிடுமா? அழகரை ஜனங்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை எங்கள் ஊரில் நடக்கிறது, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பெயர் மட்டும் வரலாறு ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான்கு ஊர் ஜனம் ஒரே பாதையைத் தலைமுறை தலைமுறையாக ஒரே மாதிரி சொன்னால், அந்தப் பாதையில் ஒருமுறை நடந்து பார்ப்பதுதான் முறை. நான் நடந்திருக்கிறேன். அழகர்மலை அடிவாரம், அலங்காநல்லூர், தேனூர். வயல் வரப்பும் கண்மாய்க் கரையுமாகப் போகும் வழி அது. தல்லாகுளத்து எதிர்சேவையின் அழகை யாரும் பறிக்கவில்லை. கூட்டத்தில் நின்று நானும் தண்ணீர் பீய்ச்சுபவன்தான்.

இதற்குப் பிறகும் அழகர் பற்றிப் பதினொரு கேள்விகள் வந்து கிடக்கின்றன. இத்தோடு நிறுத்திக்கொள்வோம். மலைக்கும் கண்மாய்க்கும் வருவோம்.

சேலத்திலிருந்து: அரிட்டாபட்டியில் அப்படி என்ன விசேஷம்?

மேலூர் சாலையில் சுமார் 25 கிலோமீட்டர். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு ஊர்களிலும் சேர்த்து 193.42 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். ஏழு குன்றுகள். பாறையில் விழும் மழை சுனையில் தங்கி, வழிந்து ஓடையாகிக் கண்மாய்க்கு வருகிறது. குன்று போனால் கண்மாயும் போச்சு. டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தபோது ஊர் ஊராக ஜனங்கள் கிளம்பி மதுரை வரை வந்தது இதற்காகத்தான். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

குடைவரைச் சிவன் கோயிலுக்குப் போங்கள். வாசலில் ஒருபுறம் பிள்ளையார், மறுபுறம் கையில் தடியோடு, சிவனின் அவதாரமாகக் கருதப்படும் இலகுலீசர். தமிழ்நாட்டில் இலகுலீசரை இப்படி அதிகம் பார்க்க முடியாது. பாறை முகடுகளில் வல்லூறு வகைகள் கூடு கட்டுகின்றன. டிரோன் பறக்க விடாதீர்கள். கூட்டைப் போட்டுவிட்டுப் பறவை போய்விடும்.

கல்லூரி மாணவி, மதுரை: மாங்குளம் கல்வெட்டில் உண்மையிலேயே நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறதா?

இருக்கிறது. அரிட்டாபட்டிக்குப் பக்கத்தில் அதே மீனாட்சிபுரம் மலைதான். 1882இல் ராபர்ட் சிவெல் கண்ணில் பட்டது, கிறிஸ்துவுக்கு முந்தைய இரண்டாம் நூற்றாண்டு என்று கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் கணித்தார். கணி நந்தன் என்ற துறவிக்காக நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி பள்ளி, அதாவது துறவிகள் தங்கும் இடம், வெட்டுவித்த செய்தி அதில் வருகிறது. வெள்ளறை நிகமத்தார் என்ற வணிகக் குழுவும் வருகிறது. பக்கத்து வெள்ளரிப்பட்டிதான் அந்த வெள்ளறை என்பார்கள். ஏறும்போது ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துப் போங்கள். சாக்பீஸ் வேண்டாம் என்று முன்பே சொன்னேன்.

விருதுநகரிலிருந்து: கீழடி?

அருங்காட்சியகம் 2023இல் திறந்துவிட்டார்கள். நேரே போய்விடலாம். இங்கே அது எல்லோருக்கும் தெரிந்த இடம் ஆகிவிட்டது.

மதுரை, பெயர் வேண்டாம் என்றவர்: கிருதுமால் நதி என்கிறார்களே, அந்தச் சாக்கடையா?

அந்த நதிதான். நாகமலை அடிவாரத்தில், துவரிமான் பக்கம் பிறந்து, நகரின் நடுவே ஓடிக் கிழக்கே போகிறது. பாகவதத்தில் சத்தியவிரத ராஜா கையில் ஏந்திய தண்ணீரில் மீன் குஞ்சு வந்ததே, அது கிருதமாலா நதி. மச்சாவதாரம் அங்கே தொடங்குகிறது. கீழே இன்னும் அந்தத் தண்ணீரை நம்பி விதைக்கும் ஊர்கள் இருக்கின்றன. அதனால் அதைச் சாக்கடை என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு வலிக்கிறது.

நெல்லையிலிருந்து: கள்ளந்திரியில் குளிக்கலாமா? ரீல்ஸில் பார்த்தேன்.

கூடாது. கால்வாயில் இறங்காதீர்கள். ஷட்டர் பக்கம் போகவே போகாதீர்கள்.

மதுரையிலிருந்து: தெப்பக்குளம் கணக்கில் வராதா?

1645இல் திருமலை நாயக்கர் வெட்டியது. பனையூர்க் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வரும். சாயங்காலம் போய் உட்காருங்கள்.

ஓசூரிலிருந்து: ஒரு நாள் டிரிப்புக்கு இடம் சொல்லுங்கள்.

முதல் பதில். மூன்றாவது தடவையாக வருகிறது இந்தக் கேள்வி.

ஒத்தக்கடையிலிருந்து: தினமும் யானைமலையைப் பார்க்கிறேன், போனதில்லை. என்ன இருக்கிறது?

வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்களே! நரசிங்கம் குடைவரையில் 770ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையனின் மந்திரி மாறன் காரி குடைய ஆரம்பித்து, பணி முழுதாக முடியும் முன்பே இறந்தார். தம்பி மாறன் எயினன் முகமண்டபம் செய்து, நீர்தெளித்துக் குடமுழுக்கு நடத்தினார். அண்ணன் விட்ட வேலையைத் தம்பி முடித்த செய்தி, கல்லில் அப்படியே இருக்கிறது. பக்கத்திலேயே லாடன் கோயில் என்ற முருகன் குடைவரை. சாயங்காலமே போய் வாருங்கள்.

மேலூர்ப் பக்கத்து பத்தாம் வகுப்பு மாணவன்: சார், எங்கள் ஊரில் மலையும் இல்லை, கல்வெட்டும் இல்லை. கண்மாய் வற்றிக் கிடக்கிறது. நடுவில் இரண்டு கல் தூண்கள் நிற்கின்றன. அது என்ன? கோயிலா?

தம்பி, இன்று வந்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இதுதான். அது குமிழித்தூம்பு. கண்மாயின் பழைய மடை.

இரண்டு தூண்களுக்கும் இடையே குறுக்கே கல் பலகைகள் இருக்கிறதா பார். அந்தப் பலகைகளின் நடுவே துளை இருக்கும். அதற்குள் ஒரு கம்பை நிறுத்தி, கம்பின் அடியில் மூடியை மாட்டியிருப்பார்கள். தரையோடு இருக்கும் தொட்டியின் வாயை அந்த மூடி அடைத்திருக்கும். நிறைகண்மாயில் ஒருவர் நீந்திப் போய், தூணைப் பிடித்துக்கொண்டு கம்பைத் தூக்குவார். தண்ணீர் குமிழியிட்டு உள்ளே இறங்கும், அதனால்தான் குமிழி. கரைக்கு அடியில் போகும் கல் கால்வாய் வழியாக வயலுக்குப் போய்விடும். மேல் துளை நீரோடித் துளை. கீழே சின்னதாகச் சேறோடித் துளைகள். அவை வண்டலையும் தண்ணீரோடு இழுத்துப் போய் வயலுக்கு உரமாக்கும், கண்மாயும் தூர்ந்து போகாது. இந்த வேலை பார்த்தவரைத்தான் மடையர் என்றார்கள். வெள்ளத்தில் உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவர் அவர். அந்தப் பெயரை வசவாக யாரும் சொல்லக் கேட்டால் இதைச் சொல்.

தூணில் எழுத்து ஏதும் வெட்டியிருக்கிறதா என்று நான்கு பக்கமும் தடவிப் பார். மடைத் தூணில் அதைச் செய்துகொடுத்தவர் பெயர் இருப்பது உண்டு. இருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடு. பிறகு கரையோடு நடந்து, கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழியும் கலுங்கு எங்கே இருக்கிறது, மறுகால் தண்ணீர் அடுத்து எந்த ஊர்க் கண்மாய்க்குப் போகிறது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு படம் வரைந்து வை. ஒருபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் தொட்டி முங்கிவிடும். இந்த வாரமே போ, துணைக்கு ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போ.