வென்ட்டைத் திறந்தால் ஈரம் காயாது, தம்பி

கடலூர் முதுநகரிலிருந்து வந்து, வட கரோலினாவில் ராலே பக்கம் 1950களில் கட்டின வீடு வாங்கியிருக்கீங்க. வீட்டுத் தரைக்கும் மண்ணுக்கும் நடுவில் ஆள் தவழ்ந்து போற அளவு இருக்கிற க்ராவல் ஸ்பேஸில் ஈரம், பூஞ்சை வாடை. ஊரில் ஓதம் அடித்தால் ஜன்னல், கொல்லைக் கதவு எல்லாம் திறந்துவிடுவோமே, அதுமாதிரி அதன் சுவரில் காற்றுக்காக விட்டிருக்கிற வென்ட்டைத் திறந்து ஃபேன் வைத்தால் காயுமான்னு கேட்டிருக்கீங்க. கோடையில் காயாது தம்பி, இன்னும் நனையும்.

நம்ம ஊர் வீட்டில் சுவரும் தரையும் வெளிக்காற்று அளவுக்கே சூடா இருக்கும். அதனால் காற்று ஈரத்தை எடுத்துக்கிட்டுப் போகும். இங்கே மேலே ஏசி ஓடுது, கீழே மண் குளிர்ந்து கிடக்கு. ஜூலையில் வெளிக்காற்றின் டியூ பாயின்ட், அதாவது எந்தக் குளிரில் அதிலிருக்கிற ஈரம் தண்ணீராகப் படியுமோ அந்த அளவு, பல நாள் 70 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். அந்தக் காற்று அதைவிடக் குளிர்ந்த மரத்திலோ ஏசிக் காற்று போற டக்ட்டிலோ பட்டால், ஐஸ் போட்ட மோர்ச் சொம்பு மாதிரி வியர்க்கும். ஃபோனில் வானிலையைப் பார்க்கும்போது ஈரப்பத சதவீதத்தை விட்டுட்டு டியூ பாயின்ட்டைப் பாருங்க.

முதல் வேலை வெளியே. இங்கே ஐப்பசி, கார்த்திகைன்னு மழைக்குத் தனிக் காலம் கிடையாது, வருஷம் முழுக்கப் பெய்யும். கூரைத் தண்ணீர் இறங்குற டவுன்ஸ்பௌட்டை அஸ்திவாரத்திலிருந்து 6 அடியாவது தள்ளிக் கொண்டுபோங்க. சுவரையொட்டின மண், சுவரிலிருந்து 10 அடிக்குள் வெளிப்பக்கமா 6 அங்குலம் சரியணும். இதைச் செய்யாமல், காற்றின் ஈரத்தை இழுக்கிற டீஹியூமிடிஃபையர் மெஷினை வாங்கினால் கரன்ட் கம்பெனிக்குத்தான் லாபம். கீழே இறங்கி, துணி உலர்த்துற ட்ரையரின் குழாய் வெளியே போகுதா, ஏசித் தண்ணீர் மண்ணில் சொட்டுதா, பாத்ரூம் குழாய் கசியுதான்னும் பாருங்க. பழைய வீட்டில் இந்த மூன்றில் ஒண்ணாவது பெரும்பாலும் மாட்டும்.

அடுத்தது மண்ணை மூடுறது. கட்டிட விதிப்படி 6 மில் பாலிதீன் தாள் போதும் (ஒரு மில்னா அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனம்). ஆனால் அதுமேல ஆள் தவழணும், கிழியும். 12 மில்லுக்குக் குறையாமல் வாங்குங்க. மரத்துண்டு, அட்டை எல்லாத்தையும் பொறுக்கி எடுத்துடுங்க, அது கரையானுக்கு விருந்து. தாளுக்குத் தாள் 12 அங்குலம் ஏற்றிப் போட்டு அதற்கான டேப்பை ஒட்டுங்க, தூண்களைச் சுற்றியும் ஒட்டுங்க, ஓரத்தில் தாளைச் சுவர் மேலேயும் ஏற்றுங்க. 1,200 சதுர அடி வீட்டுக்கு, சுவரில் ஏற்றுவதையும் சேர்த்தால் 1,700 சதுர அடிக்குக் குறையாது. சுவர் உச்சியில் 3 அங்குலம் மூடாமல் விடணும், கரையான் ஏறின தடத்தைப் பார்க்க அந்த இடம் வேணும்.

இதெல்லாம் முடிஞ்சு தண்ணீர் வரலைன்னு உறுதியான பிறகுதான் வென்ட்டை அடைக்கணும். அடைச்சா உள்ளே ஈரத்தை இழுக்க ஏதாவது ஓடியாகணும். டீஹியூமிடிஃபையரை 55 சதவீத ஈரப்பதத்தில் வைங்க, அதன் தண்ணீர் குழாய் வழியா வெளியே போகட்டும். வாளி வைத்தால் ஒரே நாளில் நிரம்பி மெஷின் நின்னுடும். ஒரே மூச்சில் உலர்த்தவும் வேண்டாம், மேலே பழைய ஓக் பலகை சுருங்கி இடைவெளி விடும்.

வீட்டைச் சூடாக்குற கேஸ் ஃபர்னஸோ கேஸ் வாட்டர் ஹீட்டரோ கீழே இருந்து, எரியத் தேவையான காற்றை அங்கிருந்தே எடுத்தால், அதை மாற்றாமல் அடைக்காதீங்க. கார்பன் மோனாக்சைடு விளையாட்டில்லை. அடைச்ச பிறகு, மண்ணிலிருந்து வர்ற கதிர்வீச்சுள்ள ரேடான் வாயுவையும் சோதிச்சுப் பாருங்க, லிட்டர் காற்றுக்கு 4 பிகோகியூரி (கதிர்வீச்சை அளக்கிற அலகு) வந்தால் சரிசெய்யணும்னு இங்கே அரசு சொல்லுது.

ஊசி வைத்த ஈரமானி ஒண்ணு வாங்கி பாத்ரூமுக்கு அடியிலும் நாலு மூலையிலும் மரத்தில் குத்திப் பாருங்க. 15 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி, 20 தாண்டினால் மரம் உளுத்துப்போக வழி இருக்கு. ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினால் உள்ளே இறங்குற மரத்துக்கு பிளீச் அடிச்சுப் பிரயோஜனமில்லை. அதற்கு ஈரம் உலர்த்துற கம்பெனியைக் கூப்பிடாதீங்க, கட்டிட இன்ஜினியரைக் கூப்பிடுங்க.