ஏற்காட்டுத் தங்கைக்கு: மெல்பர்னில் நடன வகுப்பு எடுப்பது பற்றி

"அக்கா, எனக்குச் சொந்த ஊர் ஏற்காடு. கல்யாணமாகி மெல்பர்ன் வந்து இரண்டு மாதம் ஆகிறது. பத்து வருஷம் பரதம் கற்றேன். சேலத்தில் ஒரு ஹாலில் டான்ஸ் ஃபிட்னெஸ் வகுப்பும் எடுத்தேன். இங்கே ஏதாவது கம்யூனிட்டி ஸ்டூடியோவில் உலக நடனங்களும் ஃபிட்னெஸும் சொல்லித்தர ஆசை. என்ன தகுதி கேட்பார்கள்? இந்த ஊர்க்காரர்கள் என்னிடம் கற்றுக்கொள்ள வருவார்களா?" என்று கேட்டிருந்தாய்.

கண்ணு, நான் சேலம் அம்மாபேட்டைக்காரி. மெல்பர்னில் 14 வருஷம் ஆகிறது. அதில் 11 வருஷமாக வாரம் மூன்று வகுப்பு எடுக்கிறேன். இப்போது ஆடிப் பண்டிகைக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பக்கத்து வீட்டில் கைத்தறி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சத்தத்துக்கும் உன் கேள்விக்கும் சம்பந்தம் உண்டு, அப்புறம் சொல்கிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். வருவார்கள். ஆனால் முதல் டெர்மிலேயே, அதாவது முதல் பத்து வாரப் பருவத்திலேயே, வகுப்பு எடுக்கப் போய்விடாதே. யாராவது ஒருவர் வகுப்பில் காசு கட்டிச் சேர்ந்து பின்வரிசையில் நில். நான் அப்படிச் செய்யவில்லை, அதனால் ஒரு வருஷம் வீணாய்ப் போனது.

என் முதல் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஜூலை மாதம், அங்கே அது குளிர்காலம். ராத்திரி ஏழு மணி, வெளியே பத்து டிகிரிக்குக் கீழே குளிர். கூடத்தின் தரை சிமெண்டு, மேலே மெல்லிய விரிப்பு. வந்தவர்கள் ஏழு பேர், எல்லோரும் ஐம்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள். நான் சேலத்தில் பழகியபடி எடுத்த எடுப்பில் வேகமான குத்துப்பாட்டு போட்டுக் குதிக்க வைத்தேன். மூன்றாவது பாட்டில் ஒரு அம்மா கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தசை இழுத்துவிட்டது. முடிந்ததும் எல்லோரும் "லவ்லி, லவ்லி" என்று கையைப் பிடித்துச் சொன்னார்கள். நானும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். அடுத்த வாரம் மூன்று பேர். அதற்கடுத்த வாரம் ஒருவர்.

நம் ஊரில் பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே "என்னம்மா, இப்படி ஓட விடறே, மூச்சு முட்டுது" என்று சொல்வார்கள். அங்கே சொல்ல மாட்டார்கள். சிரித்தபடி நன்றி சொல்வார்கள், பிறகு வர மாட்டார்கள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகு நாள் ஆனது. அதனால் இப்போது ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் நானே கேட்கிறேன்: எந்தப் பாட்டு கஷ்டமாக இருந்தது, எங்கே வலித்தது என்று. தனியாகக் கேட்டால் சொல்வார்கள், எல்லோர் முன்னாலும் கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

நீ மலைக்காரி, உனக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஏற்காட்டுக்கு ஏறுகிற பஸ் 20 கொண்டை ஊசி வளைவையும் எப்படி ஏறும்? சின்ன கியரில், நிதானமாக. இறங்கும்போதும் அதே சின்ன கியர்தான். வகுப்பும் அப்படித்தான். முதல் பத்து நிமிஷம் நிமிஷத்துக்கு 120 பீட் அளவில் நடை, தோள் சுற்றல், கணுக்கால். நடுவில் 140 வரை ஏறலாம். கடைசி ஏழெட்டு நிமிஷம் மெதுவாக இறக்கி, கெண்டைக்காலையும் தொடையையும் நீட்டிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். குளிர்காலத்தில் தொடக்கத்தை இன்னும் ஐந்து நிமிஷம் நீட்டு. குதிக்கிற அடவு எதுவானாலும் குதிக்காத வடிவம் ஒன்றைக் கூடவே காட்டிவிடு. குதிகாலைத் தூக்கி வைத்தாலே போதும். அதைக் கிழவிகளுக்கான சலுகை மாதிரிக் காட்டாமல் நீயே முதலில் ஆடிக் காட்டு. ஓடுகிற ஷூவில் யாரையும் திரும்பிச் சுற்ற வைக்காதே. அடிப்பாகம் தரையைப் பிடித்துக்கொள்ளும், முட்டிதான் முறுக்கும்.

சரி, தறிக்கு வருகிறேன். புதிதாகத் தறியில் உட்காருகிறவர் கையில் என் அப்பா முதலில் நாடாவை, அதுதான் குறுக்கு நூலைக் கொண்டுபோகிற கட்டையை, கொடுக்க மாட்டார். தறிக்குழியில் காலை விடச் சொல்லி மிதியை மட்டும் பழக்குவார். வலது, இடது, வலது, இடது. கால் தானாகப் போகிற நாள்தான் கைக்கு வேலை வரும். நான் சல்சா சொல்லித்தருவதும் இப்படித்தான். எட்டு எண்ணிக்கையில் 1, 2, 3 அடி, 4 நிறுத்தம். 5, 6, 7 அடி, 8 நிறுத்தம். நாலு முறை கால் மட்டும். அப்புறம் இடுப்பு. கை கடைசியில். அடுத்த அடவின் பெயரை நாலு எண்ணிக்கைக்கு முன்னாலேயே கூவிவிட வேண்டும், அடவு வந்தபின் சொன்னால் வகுப்பே தடுமாறும். அவர்களைப் பார்த்து நின்று ஆடும்போது நீ கண்ணாடி மாதிரி. வாயால் "வலது" என்று சொல்லி உன் இடது காலைத் தூக்க வேண்டும். பரதத்தில் நமக்கு இந்தப் பழக்கம் குறைவு. வீட்டில் ஒரு மாதம் தனியாகப் பழகு.

உன் பரதம் உனக்கு எங்கே கைகொடுக்கும் என்று நினைக்கிறாய்? முத்திரையைவிட உன் காதுதான் பெரிய சொத்து. இதை எனக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு கிரேக்கப் பாட்டி. மெல்பர்னில் கிரேக்கர்கள் ஏராளம், அறுபதுகளில் கப்பலில் வந்து இறங்கியவர்கள். அன்று வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். அந்தப் பாட்டி தன் போனில் ஒரு ஊர்ப் பாட்டை ஓடவிட்டார். என் விரல் பிளாஸ்டிக் நாற்காலியில் தன்னால் தட்டியது: தகிட தக திமி, தகிட தக திமி. மிச்ர சாபு. மூன்று, இரண்டு, இரண்டு, மொத்தம் ஏழு. பாட்டி திரும்பிப் பார்த்தார். "இது உனக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஊரில் வளராதவர்கள் இதைத் தட்ட முடியாதே!" என்றார். அதுதான் கலமத்தியானோஸ் என்ற கிரேக்க நடனத்தின் தாளம். அந்த நடனம் கைகோத்து வட்டமாக ஆடுவது, 12 அடி, தலைமை தாங்குகிறவர் கையில் ஒரு கைக்குட்டை. நாற்காலிகளை அப்படியே விட்டுவிட்டு அவர் என் கையைப் பிடித்தார், இரண்டு பேருமாக அந்த வெற்றுக் கூடத்தைச் சுற்றி வந்தோம். நானும் ஒயிலாட்டத்தில் கைக்குட்டை வீசுவதை அவருக்குக் காட்டினேன். அடுத்த வாரம் இரண்டு தோழிகளை அழைத்து வந்தார். என் வகுப்பு நிமிர்ந்தது அன்றைக்குத்தான்.

அதனால் உலக நடனம் என்று பலகை மாட்டினால், ஒவ்வொன்றையும் அந்த மக்களிடமே கற்றுக்கொள்ளப் பார். வீடியோவில் அடவு கிடைக்கும், எந்தப் பாட்டுக்கு யார் எந்தச் சமயத்தில் ஆடுவார்கள் என்பது கிடைக்காது. அங்கே கேட்டால் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். பத்து வாரத்தில் பத்து நாட்டு நடனம் என்று ஓட்டாதே. டெர்முக்கு இரண்டு போதும், மூன்று அதிகம். சிலவற்றைத் தொடாமல் இருப்பதும் மரியாதை. நியூசிலாந்தின் மாவோரி மக்களுடைய கா மாத்தே என்ற ஹாக்கா நடனத்துக்கு 2014ல் சட்டமே போட்டு, அது ங்காட்டி தோவா இனத்தாருடையது என்று பதிவு செய்திருக்கிறார்கள். உடற்பயிற்சிக்காக அதை வெட்டி ஒட்டுவது எனக்குச் சம்மதமில்லை. நம் பறையை யாராவது விளையாட்டுச் சாமான் மாதிரி எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

உன் முகத்தைப் பார்த்ததும் "பாலிவுட் வகுப்பா?" என்று கேட்பார்கள். அதற்காக வருத்தப்படாதே, எடுத்துக்கொடு. ஆனால் அதோடு நிற்காதே. கும்மி, ஒயிலாட்டம் இரண்டும் அந்தக் கூடங்களுக்காகவே செய்தது போல இருக்கும். துணை தேவையில்லை, குதிப்பதைக் குறைத்துக்கொள்ளலாம், எழுபது வயதுக்காரரும் வட்டத்தில் நிற்கலாம். நம் பக்கம் மண்டபங்களில் வள்ளிக் கும்மி ஆடும்போது பாட்டியும் பேத்தியும் ஒரே வரிசையில் நிற்பார்களே, அந்தக் காட்சியை மெல்பர்னில் என்னால் கொண்டுவர முடிந்தது. நான் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இனி காகித வேலை. ஜிம்மில் எடுப்பதானால் ஃபிட்னெஸ் படிப்பில் சர்டிஃபிகேட் 3 கேட்பார்கள். சமூகக் கூடத்தில் நடன வகுப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் முதலுதவிச் சான்றிதழ் எடுத்துவிடு. அதில் சிபிஆர், அதாவது நின்ற இதயத்துக்கு நெஞ்சை அழுத்திக் கொடுக்கும் முதலுதவிப் பகுதியை, வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்வார்கள். குழந்தைகள் வருகிற வகுப்பென்றால் மெல்பர்ன் இருக்கிற விக்டோரியா மாநிலத்தில் குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்கான சரிபார்ப்பு கட்டாயம். 5 வருஷம் செல்லும், தன்னார்வலர்களுக்கு இலவசம். சொந்தமாகக் கட்டணம் வாங்க ஏபிஎன் என்ற தொழில் பதிவு எண் வேண்டும், அரசு தளத்தில் காசில்லாமல் கிடைக்கும். கூடம் வாடகைக்கு எடுத்தால் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுத் தாள் கேட்பார்கள். 1 கோடி டாலர், 2 கோடி டாலர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மிரளாதே, அது காப்பீட்டின் உச்சவரம்பு, நீ கட்டுகிற தொகை அல்ல. உன் விசாவில் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்பதையும் முதலில் பார்த்துக்கொள்.

இரண்டு இடத்தில் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, ஜும்பா என்ற பெயர். சேலத்தில் தெருவுக்குத் தெரு ஃப்ளெக்ஸில் போட்டுவிடுகிறோம். அது பதிவு செய்த வணிகப் பெயர். கொலம்பியாவின் காலி நகரத்துக்காரர் பெட்டோ பெரெஸ் 1990களில் தொடங்கி, 2001ல் அமெரிக்காவில் நிறுவனமாக்கியது. அவர்களிடம் பயிற்சி எடுத்து உரிமம் வாங்காமல் அந்தப் பெயரில் வகுப்பு நடத்தக் கூடாது. அதன் அடிப்படைத் தாளங்களான மெரெங்கே, சல்சா, கும்பியா, ரெக்கேட்டான் யாருக்கும் தனிச்சொத்து இல்லை. டான்ஸ் ஃபிட்னெஸ் என்று போட்டு அவற்றைச் சொல்லித்தரலாம். இன்னொன்று பாட்டு. ஸ்பாட்டிஃபைக்கு மாதம் காசு கட்டுவது நீ காதில் கேட்பதற்கு மட்டும். வகுப்பில் போட, பாட்டுக்கு உரிமம் கொடுக்கிற ஒன்மியூசிக் ஆஸ்திரேலியா அமைப்பின் உரிமம் வேண்டும். கூடத்துக்கு ஏற்கெனவே இருக்கிறதா, அது உன் வகுப்புக்கும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கு.

எங்கே போய்க் கேட்பது? நெய்பர்ஹுட் ஹவுஸ் என்ற அக்கம்பக்கத்துச் சமூக மையங்கள் விக்டோரியாவில் 400க்கு மேல் இருக்கின்றன. உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கும். பள்ளிக்கூட டெர்ம் கணக்கில்தான் வகுப்புகள் ஓடும், வருஷத்துக்கு நாலு, ஒவ்வொன்றும் பத்து வாரம் போல. அடுத்த டெர்ம் பட்டியலை இந்த டெர்மிலேயே அச்சடித்துவிடுவார்கள், ஆகவே முன்கூட்டியே போ. அங்கே வகுப்புகளை ஏற்பாடு செய்கிற கோ-ஆர்டினேட்டரிடம் ஒரு பக்கத்தில் எழுதிக்கொடு: யாருக்கான வகுப்பு, எத்தனை நிமிஷம், முட்டி வலி உள்ளவர்களுக்கு என்ன மாற்று. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 50 நிமிஷ வகுப்பு மூன்றுக்கு வந்தால் 150 ஆகிவிட்டது. நான் இதை எழுதிக்கொடுத்தபோது கோ-ஆர்டினேட்டர் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்.

இலவசமாக எடுத்துக்கொடு, பிறகு பார்க்கலாம் என்று ஒரு இடத்தில் என்னை மூன்று மாதம் இழுத்தடித்தார்கள். ஒரு மாதிரி வகுப்பு போதும், அதற்கு மேல் சம்மதிக்காதே. காசு கேட்க நாக்கு கூசும், எனக்கும் கூசியது. கேள்.

பழக்கத்தில் ஒன்றை மட்டும் உடனே மாற்றிக்கொள். நம் குருமார் கையைப் பிடித்துத் திருத்துவார்கள், அரைமண்டி போதாவிட்டால் தோளை அழுத்துவார்கள். அங்கே கேட்காமல் யாரையும் தொடாதே. "கொஞ்சம் குண்டாயிட்டீங்க" என்று நம் ஊரில் அன்பாகச் சொல்வது அங்கே ஆளையே விரட்டிவிடும். எடையைப் பற்றி நீ பேச்சே எடுக்காதே.

பகலில் வீடு நிசப்தமாக இருப்பது பற்றி நீ எதுவும் எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். இரண்டாவது மாதம்தான் மோசம். கதவைத் தட்ட ஆள் இருக்காது. எனக்கு வியாழக்கிழமைக் கூடத்தின் சாவி கையில் வந்த பிறகுதான், நான் வரவில்லை என்றால் தேடுவதற்கு அந்த ஊரில் ஆள் இருக்கிறது என்று ஆனது.

இன்று காலை இங்கே மொட்டைமாடியில் அம்மாவையும் தெருப் பெண்கள் ஆறு பேரையும் நிற்க வைத்துக் கலமத்தியானோஸ் சொல்லித்தந்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தகிட தக திமி சொல்லியபடி இரண்டு சுற்று வந்துவிட்டார்கள். அம்மாவுக்கு 68 வயது. முடித்ததும் எல்லோருக்கும் தட்டுவடை செட் வாங்கிவரச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு நான் திரும்புகிறேன். வியாழன் மாலை ஏழு மணிக்கு வகுப்பு, இடத்தைத் தனியாக அனுப்புகிறேன். தட்டையான அடியுள்ள ஷூவும் தண்ணீர் பாட்டிலும் கொண்டு வா. பின்வரிசையில் ஜன்னல் ஓரம் நில், பக்கத்தில் அந்தக் கிரேக்கப் பாட்டி நிற்பார். மிச்ர சாபு தெரியும் என்று அவரிடம் நீயே சொல்லிவிடு.