தமிழ்நாட்டின் தனிநபர் வருமானம் ஏறிக்கொண்டே போகிறதாமே, உண்மையிலேயே மக்கள் வசதியாகிவிட்டார்களா?

கேட்டவர் வெளியூரில் மாதச் சம்பளத்தில் இருப்பவர் என்று நினைக்கிறேன். ஊருக்கு வந்தால் தெருவுக்கு நாலு புது மாடி வீடு கண்ணில் படும். அன்றைக்குச் சாயங்காலமே கூடப் படித்தவன் ஐநூறு ரூபாய் கைமாத்துக் கேட்பான். எது நிஜம் என்று குழம்பியிருப்பீர்கள். தப்பாக ஊகித்திருந்தால் மன்னிக்கவும்.

என்னை எழுத வைத்தது உங்கள் கேள்வி அல்ல. இதற்கு ஏற்கெனவே வந்திருக்கும் "எல்லாம் ஏசி ரூமில் உட்கார்ந்து எழுதுகிற கணக்கு சார்" வகைப் பதில்கள்தான். இந்த மாதிரி அரசுக் கணக்குகளுக்காக வெயிலில் படியேறி இறங்கியவர்களில் நானும் ஒருவன். 2022 ஆகஸ்டில் தொடங்கி 2023 ஜூலை வரை நடந்த வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் ஒப்பந்தக் களப்பணியாளனாக இருந்தேன். ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போகணும். சாப்பாட்டுச் சாமானுக்கு ஒரு தடவை, மருந்து, படிப்பு, வண்டிச் செலவுக்கு ஒரு தடவை, துணிமணி, மிக்ஸி, டிவி மாதிரி சாமான்களுக்கு ஒரு தடவை. நான் டேப்லெட்டில் போட்ட எண்ணில் பொய் கிடையாது. மேலே இருப்பவர்களுக்கு நான் ஜாமீன் நிற்க முடியாது. 2017-18 கணக்கெடுப்பின் முடிவைத் தரம் போதாது என்று வெளியிடாமலே விட்டதும் தெரியும். அதற்காக ஊர் ஊராக அலைந்தவனையும் சேர்த்துத் திருடன் என்காதீர்கள்.

முதலில் ஒன்று. தனிநபர் வருமானம் வீடு வீடாகக் கேட்டு எடுப்பதில்லை. 2022-23ல் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 2.78 லட்சம் ரூபாய், நாட்டுக்கு 1.69 லட்சம் என்றார்கள். மாநிலத்தில் விளைந்தது, செய்தது, விற்றது எல்லாவற்றையும் கூட்டித் தலைக்கணக்கில் வகுத்தது அது. ஒரகடத்துக் காரும் ஆம்பூர் ஷூவும் ஓ.எம்.ஆர். சாஃப்ட்வேரும் ஒரே அண்டாவில். கரண்டி எல்லாருக்கும் ஒன்று என்று வைத்துக்கொள்வது கணக்குக்குத்தான். கணக்குப் புத்தகமே இல்லாத சின்னத் தொழில்களுக்கு என்றைக்கோ எடுத்த ஒரு கணக்கெடுப்பை வைத்துக்கொண்டு, மற்ற புள்ளிவிவரங்களைப் பார்த்து அப்போது வருஷா வருஷம் நீட்டிக்கொண்டு போனார்கள். இந்த 2.78 லட்சத்துக்கு அடிப்படை ஆண்டு, அதாவது கணக்கைத் தொடங்கிவைத்த ஆண்டு, 2011-12. அந்த வருஷம் பள்ளிகொண்டா பக்கம் எங்கள் தெருவில் பதினோரு லுங்கித் தறி ஓடியது. இன்றைக்கு ஒன்று. அதுவும் பெரியவர் உடம்புக்கு முடிந்த நாளில் மட்டும்.

நான் கணக்கெடுத்த வீடுகளைப் பற்றி வாய் திறக்கமாட்டேன், சட்டப்படியே கூடாது. சொல்லக்கூடியது எங்கள் வீட்டை. பயிற்சி முடிந்து வந்த இரவு, பழகிக்கொள்ளலாம் என்று ஒரு நோட்டில் கேள்விகளை எழுதி அம்மாவிடம் கேட்டேன். அம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தது. மடியில் முறம், அதில் வெட்டி அடுக்கின இலை ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம். இலையை விரித்து, தூளைப் போட்டு, உருட்டி, வாயை மடித்து, நூலைச் சுற்றி அறுப்பதற்குள் நான் ஒரு கேள்வியை முடித்திருக்கமாட்டேன்.

"இன்னாடா இது, சொந்த வூட்லயே வந்து கத்திரிக்கா எவ்ளோக்கு வாங்கனேன்னு கேக்கறே?"

"சொல்லும்மா. போன வாரம் எத்தினி கிலோ?"

"நீ துன்னது உனுக்குத் தெரியாதா?"

சொல்லிக்கொண்டே இரண்டு பீடி முறத்தில் விழுந்தது.

ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்தேன். நைனா, அம்மா, தங்கச்சி, நான், நாலு பேர். தலைக்கு மாதம் 5,100 ரூபாய் வந்தது. அப்புறம்தான் ஆஸ்பத்திரிச் செலவை விட்டுவிட்டேன் என்று நினைவுக்கு வந்தது. அதைக் கடந்த 365 நாளுக்குக் கேட்டு மாதக் கணக்குக்கு மாற்றவேண்டும்.

அந்தத் தையில் நைனாவுக்கு நெஞ்சுவலி. ராத்திரி பதினோரு மணிக்கு முதலில் கொண்டுபோய்ச் சேர்த்த தனியார் ஆஸ்பத்திரியில் அரசுக் காப்பீட்டு அட்டை இங்கே செல்லாது என்றுவிட்டார்கள். இரண்டு நாள் படுக்கை, டெஸ்ட், மருந்து, 46,000. அப்புறம் வேறு இடத்துக்கு மாற்றி, அட்டையில் ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த 46,000க்கு அம்மாவின் நாலு சவரன் செயின் பேங்க்குக்குப் போனது.

அதைக் கணக்கில் சேர்த்தால் மாதத்துக்கு 3,780, தலைக்கு 945. எங்கள் வீட்டுச் செலவு 6,045க்கு ஏறியது. பின்னாடி முடிவு வெளியானபோது பார்த்தேன், தமிழ்நாட்டுக் கிராமங்களின் சராசரி சுமார் 5,300. அதாவது நைனாவுக்கு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதால் எங்கள் குடும்பம் சராசரிக்கு மேலே போய்விட்டது. நகைக்கடனுக்குக் கட்டின வட்டி அந்தக் கணக்கில் வராது, அது நுகர்வு இல்லை. செயின் அடகில் இருப்பதைக் கேட்கவும் கட்டம் கிடையாது.

இதைச் சொன்னால் "அப்போ கணக்கே பொய்தானே" என்று கிளம்பி வருவீர்கள். இல்லை. நாங்கள் செலவழித்தது உண்மை, அது அப்படியே பதிவாகிறது. எதற்குச் செலவழித்தோம், சந்தோஷமாகவா வயிற்றெரிச்சலோடா என்பது அந்தக் கூட்டுத்தொகைக்குத் தெரியாது. நாட்டு வருமானத்தைக் கணக்கிடும் முறையை அமெரிக்காவில் உருவாக்கிக் கொடுத்த சைமன் குஸ்நெட்ஸ், 1934லேயே இதை வைத்து ஒரு நாட்டின் நலத்தை அளக்க முடியாது என்று எழுதியே கொடுத்தார். செய்தவரே சொன்னதை யாரும் கேட்கவில்லை.

தண்ணீருக்கும் இதே கதைதான். நான் நாலாவது படிக்கையில் பாலாற்று மணலில் முழங்கையளவு தோண்டினால் ஊற்று வரும், கொட்டாங்கச்சியில் மொண்டு குடத்தை நிரப்புவோம். அது எந்த வருமானத்திலும் சேரவில்லை. இப்போது மாதம் பன்னிரண்டு கேன், 360 ரூபாய். இது வளர்ச்சியில் சேருகிறது. ஆற்றின் மேல்பக்க ஊர்களில் தோல் பதனிட்டு ஏற்றுமதியான பணமும் சேர்ந்தது. கெட்டுப்போன ஆற்றுக்காகக் கழிக்க மட்டும் அந்தக் கணக்கில் இடம் இல்லை. வேலூர்த் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ல் தீர்ப்புச் சொன்னது, மாசுபடுத்தியவரே ஈடு கட்டவேண்டும் என்று. 2025 ஜனவரியில் மறுபடி அதையே சொல்ல வேண்டியிருந்தது. தோல் தொழிலே கூடாது என்கிறவன் நான் இல்லை, என் மாமன் வீடு முழுக்க ஷூ கம்பெனியில்தான் சாப்பிடுகிறது. தயவுசெய்து அந்தச் சண்டைக்கு என்னை இழுக்காதீர்கள்.

வருமானச் சான்றிதழ் கதையையும் சொல்லிவிடுகிறேன். காப்பீட்டு அட்டை வாங்கும்போது குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 72,000. பிறகுதான் 1,20,000 ஆக்கினார்கள். எங்கள் சான்றிதழில் 72,000 என்றே வந்தது. பக்கத்து வீட்டிலும் 72,000, எதிர் வீட்டிலும். கிராம நிர்வாக அலுவலர் எங்களை ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பீடிக் கூலிக்கும் தறிக் கூலிக்கும் ரசீதுக்கு எங்கே போவது? ஆக, மாநிலத்தின் சராசரிப்படி நாலு பேருக்குப் பதினோரு லட்சம், நோட்டில் எழுதிய செலவுப்படி ஆஸ்பத்திரியை விட்டுவிட்டுச் சுமார் இரண்டரை லட்சம், தாலுகா ஆபீஸ் முத்திரைப்படி 72,000. ஒரே வீடு. "பொய்ச் சான்றிதழில் ஸ்டென்ட் வைத்தாயா" என்று கேட்கப்போகும் மகான்கள், ஒரு ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் போய்ப் பார்த்துவிட்டு வரவும்.

எங்களுக்கு ஆள் எடுத்துக் கொடுத்த ஏஜென்சி ஐந்து மாதப் பயணப்படியை இன்னும் தரவில்லை என்பதையும் இங்கேயே எழுதிவைக்கிறேன். பெட்ரோல் என் பணம். கேட்டால் பில் மேலே போயிருக்கிறது என்பார்கள். நாட்டின் செலவைக் கணக்கெடுத்தவனின் செலவுக்குக் கணக்கு இல்லை.

வசதி ஆகவில்லை என்றும் சொல்லமாட்டேன். என் வயதில் நைனாவுக்கு ஒரு வேளை கேழ்வரகுக் கூழ், பொங்கலுக்கு மட்டும் அரிசிச் சோறு. தங்கச்சி பி.எஸ்சி. முடித்துவிட்டாள், பீடித் தூளைத் தொட்டதே இல்லை. 2024-25ல் விலைவாசி கழித்து 11.19 சதவீத வளர்ச்சி என்கிறார்கள், நம்புகிறேன். அதில் எங்கள் பங்கு எவ்வளவு என்பது அந்த எண்ணுக்குள் இல்லை, அவ்வளவுதான். நான் பார்ப்பது வேறு. விவசாயக் கூலி அரிசி விலையைத் தாண்டி ஏறியதா, வீட்டில் எத்தனை பேர் வேலைக்குப் போய் அந்த வருமானம் வருகிறது, நகை கழுத்தில் இருக்கிறதா பேங்கில் இருக்கிறதா.

அம்மாவின் செயினைப் போன தையில்தான் மீட்டோம். பேங்கிலிருந்து பஸ்சில் வரும்போது முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டே வந்தது. வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றது. கையில் இருந்ததெல்லாம் அதற்கே போய்விட்டதால் அந்த மாதம் கறி எடுக்கவில்லை, துணி எடுக்கவில்லை, கேபிளுக்கும் கட்டவில்லை. பழக்க தோஷத்தில் நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். செலவுக் கணக்கில் எங்கள் வீடு அதற்கு முன் எந்த மாதமும் அவ்வளவு கீழே போனதில்லை.