பாறையில் பெரணி, மேட்டில் விரிசல்

கேள்வி: ஐயா, கோத்தகிரிக்கும் கட்டபெட்டுக்கும் நடுவே தேயிலைச் சரிவில் எங்களுக்கு ஆறு சென்டில் வீடு. சமையலறையை நீட்டுவதற்காகப் பின்னாலிருந்த மேட்டைப் பன்னிரண்டு அடி உயரத்துக்கு நேராக வெட்டினோம். அப்போது பிளந்த ஒரு கல்லில் பெரணி இலை அச்சு அசலாகப் பதிந்திருக்கிறது. புதைபடிவம், லட்சக்கணக்கில் போகும் என்கிறார் மேஸ்திரி. மியூசியத்தில் கொடுக்கலாமா? இன்னொன்று, போன மழைக்குப் பிறகு வெட்டின இடத்துக்கு மேலே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் வில் மாதிரி ஒரு விரிசல் விட்டிருக்கிறது. இருபது அடி நீளம் இருக்கும். சுவர் வைத்தால் போதுமா? (படங்கள் இணைத்திருக்கிறேன்.)

பதில்: விரிசலை 'இன்னொன்று' என்று கடைசியில் போட்டுவிட்டீர்கள் அம்மா. எனக்கு அதுதான் முதல் கேள்வி. ஆனால் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது உங்கள் இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான் என்று தோன்றியது. அதனால் கல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

அது பெரணி இல்லை, மாங்கனீசுக் கறை. பாறையின் மயிரிழை வெடிப்புக்குள் ஊறும் தண்ணீர் கரைத்துக்கொண்டு வரும் மாங்கனீசு, வெடிப்பின் விளிம்பில் தொடங்கிக் கிளை கிளையாகப் படிந்து காய்ந்திருக்கிறது. டென்ட்ரைட் என்போம். ஏமாந்தவர் நீங்கள் மட்டுமல்ல. கல்லூரி முதலாண்டில் இதே மாதிரி ஒன்றைக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு போய்ப் பேராசிரியர் மேசையில் வைத்தவன்தான் நானும். அவர் சிரிக்கவில்லை. "நடு நரம்பு எங்கே, காட்டு" என்றார். இலையென்றால் நடுவே ஒரு நரம்பு ஓடும், இருபுறமும் ஒழுங்காகச் சிற்றிலைகள் பிரியும். உங்கள் கல்லில் அது இல்லை. எல்லாக் கிளைகளும் கல்லின் ஓரத்திலிருந்தே புறப்படுகின்றன, பார்த்தீர்களா? நம்பிக்கை வரவில்லை என்றால் கல்லை நன்றாகக் கழுவிக் காயவைத்து, மருந்துக்கடையில் புண் துடைக்கக் கொடுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு சொட்டு விடுங்கள். கருப்புக் கோட்டின் மேல் மட்டும் பொசுபொசுவென்று நுரைத்தால் மாங்கனீசுதான்.

இந்த மலையில் பெரணிப் படிவம் கிடைக்கவும் வழியில்லை. நீலகிரியின் உடம்பு முழுக்கச் சார்னோக்கைட் பாறை. கல்கத்தா நகரத்தைத் தொடங்கியவராகச் சொல்லப்படும் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் அங்குள்ள கல்லறைக் கல் சென்னைப் பக்கத்துப் பல்லாவரத்துப் பாறை. அதை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து, சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். நீலகிரிப் பாறைக்கு வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. பெரணி இனமே உலகில் தோன்றி 40 கோடி ஆண்டு ஆகவில்லை. போதாததற்கு, இந்தப் பாறை 25 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் வெந்து உருவானது. இலை இருந்திருந்தாலும் மிஞ்சியிருக்காது. புதைபடிவம் பார்க்க ஆசையென்றால் பிள்ளைகளை அரியலூர்ப் பக்கம் கூட்டிப் போங்கள், ஒரு காலத்தில் கடலாக இருந்த மண் அது. சாத்தனூரில் கல்லாய்ச் சமைந்த 18 மீட்டர் நீள மரம் கிடக்கிறது. நம் மலையில் பழைய செடிகளின் மிச்சம் இருப்பது பாறையில் அல்ல, ஊட்டிப் பக்கத்துப் புல்வெளிப் பள்ளங்களில் உள்ள கறுத்த கரிச்சேற்றில். அந்தச் சேற்றை அடுக்கடுக்காக எடுத்து, 20,000 ஆண்டுகளில் இங்கே எப்போது மழை கூடியது, எப்போது குறைந்தது என்று ஆராய்ந்து 1993-இல் வெளியிட்டார்கள். உங்கள் கல்லைவிட எனக்கு அந்தச் சேற்றின் மேல்தான் ஆசை.

சரி, வீட்டுக்கு வருவோம். கல்லில் அந்தப் படத்தை வரைந்தது தண்ணீர். அந்த வெடிப்பு வழியாக நெடுங்காலமாகத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே எழுத்துச் சான்று.

சார்னோக்கைட் ஒரே சீராக மக்குவதில்லை. வெடிப்புகள் வழியே நீர் இறங்கி, இரண்டு பக்கமும் அரித்து, நடுவில் உருண்டைக் கல்லை மட்டும் விட்டுவைக்கும். மேட்டை வெட்டும்போது செம்மண்ணுக்குள் வெங்காயத் தோல் மாதிரி உரியும் உருண்டைகள் வந்திருக்குமே, அவைதான். சுற்றியுள்ள பாறை, கையால் பிசையும் மண்ணாகிவிட்டாலும் பழைய வெடிப்புகளின் தடம் மண்ணுக்குள் அப்படியே இருக்கும். சில இடங்களில் அந்தத் தடத்தில் கருப்பாக, வழவழவென்று ஒரு பூச்சு படிந்திருக்கும். உங்கள் மூன்றாவது படத்தில், வெட்டின முகத்தின் இடது பக்கம், மேலிருந்து வீட்டை நோக்கிச் சாய்வாக இறங்கும் கருங்கோடு அப்படிப்பட்டதுதான். காய்ந்த நாளில் மண் அந்தக் கோட்டின் மேல் பிடித்து நிற்கும். உள்ளே தண்ணீர் நிரம்பிவிட்டால் எண்ணெய் தடவிய பலகை. மேலே விட்டிருக்கும் விரிசலும் கீழே இந்தக் கோடும் ஒரே சறுக்குத் தளத்தின் இரண்டு நுனிகளாக இருக்கலாம் என்பதுதான் என் கவலை. முன்பு அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த மண்ணை நீங்கள் வெட்டி எடுத்துவிட்டீர்கள். கெட்டிப் பாறையை நேராக வெட்டினால் நிற்கும், பன்னிரண்டு அடிச் செம்மண் நிற்காது.

இனி ஒரு கூடை மண்கூட எடுக்க வேண்டாம். மேஸ்திரியிடம் இன்றே சொல்லிவிடுங்கள். எடுத்த மண்ணை மூட்டைகளில் கட்டி, வெட்டின முகத்தின் அடியில் படி படியாக அடுக்குங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். அடியில் ஏறும் பாரம் தற்காலிக முட்டு. மேல் விளிம்பில் ஜல்லி, செங்கல், தண்ணீர் டேங்க் எதையும் வைக்காதீர்கள். வேலையைக் காய்ந்த நாளில், பகலில், மேலே ஒருவரைக் காவலுக்கு நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

விரிசலைக் கான்கிரீட் ஊற்றி அடைக்கச் சொல்வார்கள், வேண்டாம். களிமண்ணைத் திணித்து மிதித்துவிட்டு, மேலே தார்ப்பாய் போட்டு மூடுங்கள். அதற்கும் மேலே பத்தடி தள்ளி, மழைநீரைப் பக்கவாட்டில் கடத்தும் வாய்க்கால் ஒன்று வேண்டும். அடியில் சிமெண்டு பூசாத வாய்க்கால் தண்ணீரை நேராக விரிசலுக்குள்ளேயே ஊட்டிவிடும். மேல்வீட்டுக்காரரின் கழிவுநீர்க் குழி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். படத்தின் மூலையில் தெரியும் வாழைகள் வெயிலிலும் பச்சைப் பசேலென்று இருப்பது எனக்கு நல்ல குறியாகப் படவில்லை.

விரிசலின் இரண்டு பக்கமும் ஓரடி தள்ளி இரண்டு இரும்புக் கம்பிகளை ஆழமாக அடித்து, தலையில் பெயிண்டால் புள்ளி வையுங்கள். தினமும் காலையில் புள்ளிக்குப் புள்ளி டேப்பால் அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். பெய்த மழையையும் எழுதுங்கள், நேர்ச்சுவர் உள்ள ஒரு டப்பாவும் ஸ்கேலும் போதும். இந்த அளவு ஒரு மாதத்துக்கு இருந்தால், பார்க்க வரும் நிலவியலாளருக்குப் பாதி வேலை மிச்சம்.

சுவரா? வேண்டும், ஆனால் சுவர் கடைசி வேலை. தண்ணீர் வெளியேற வழியில்லாத பன்னிரண்டு அடிச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் தண்ணீர் மட்டுமே ஆறரை டன்னுக்கு மேல் தள்ளும், மண்ணின் தள்ளு தனிக் கணக்கு. குன்னூர்ப் பக்கம் ஒரு வீட்டில், அழகாகப் பூசி வெள்ளையடித்த கருங்கல் கட்டு இரண்டாவது மழைக்கே வயிறு பிதுங்கிச் சாய்ந்ததைப் பார்த்திருக்கிறேன். பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேற வீப் ஹோல் என்னும் ஓட்டைகள் வைத்துத்தான் கட்டியிருந்தார்கள், பூச்சுக்காரர் அழகு கெடுகிறதென்று அத்தனையையும் அடைத்திருந்தார்! ஓட்டைகள் வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும், பின்னால் ஓரடிக்குச் சுத்தமான ஜல்லி நிரப்ப வேண்டும், அடித்தளம் கெட்டியான தரையில் உட்கார வேண்டும். கணக்குப் போட்டுத் தர ஒரு மண்ணியல் பொறியாளர் வேண்டும், இது மேஸ்திரியின் கைக்கணக்கில் முடிகிற காரியமில்லை. உங்கள் கருங்கோட்டின் சாய்வைப் பார்த்தால் சுவருக்குப் பதில் ஆணிமுறைகூடப் பொருந்தலாம், அதாவது மண்ணுக்குள் நீளக் கம்பிகளைச் செலுத்திப் பிணைப்பது. மலைச் சாலையோரங்களில் நெடுஞ்சாலைத் துறை செய்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெட்டிவேர் மேல்மண்ணைப் பிடிக்கும், ஆழத்தில் இருக்கும் சறுக்குத் தளத்தை அதன் வேர் எட்டாது. இன்னொரு விஷயம், நீலகிரியில் மேட்டை வெட்டவும் ஜேசிபி இறக்கவும் அனுமதி வேண்டும். வாங்காமல் செய்திருந்தால் அதற்குப் பயந்து விரிசலை மறைக்காதீர்கள்.

உங்கள் பக்கத்துக்கு ஆபத்தான மாதங்கள் அக்டோபர், நவம்பர். அவலாஞ்சியும் கூடலூரும் தென்மேற்குப் பருவத்தில் நனையும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவம்தான் எமன். 1978, 1993, 2009 மூன்று பெருஞ்சரிவுகளும் நவம்பரில்தான். 2009-இல் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை, மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 2024 முதல் 'பூஸ்கலன்' என்ற செயலியில் நீலகிரிக்கு நிலச்சரிவு முன்னறிவிப்புத் தருகிறது. மழைக்காலத்தில் பாருங்கள். ஆனால் அத்துறையின் நிலச்சரிவு வாய்ப்பு வரைபடம் 1:50,000 அளவில் போட்டது, அதாவது தரையில் 500 மீட்டர் தாளில் ஒரு சென்டிமீட்டர். அதில் உங்கள் ஆறு சென்டின் ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. உங்கள் மேட்டுக்கு உங்கள் நோட்டுத்தான் வரைபடம்.

கம்பிகளின் இடைவெளி ஒரு இரவில் கூடியிருந்தாலோ, வெட்டின முகத்தின் அடியில் புதிதாகக் கலங்கல் தண்ணீர் ஊறினாலோ, பின்கதவு திடீரென்று நிலையில் இறுகினாலோ, மழை கொட்டும்போதே பக்கத்து ஓடையில் தண்ணீர் குறைந்தாலோ காத்திருக்க வேண்டாம். முன்னறையில் படுத்துக்கொள்வதும் தீர்வில்லை. சரிவுக்கு நேர் கீழே போகாமல் பக்கவாட்டில் விலகி உறவினர் வீட்டுக்குப் போய்விட்டு, அங்கிருந்து மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்கு அழையுங்கள். கீழ்வீட்டுக்காரர்களையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போங்கள், உங்கள் மேடு சரிந்தால் முதலில் போவது அவர்கள் கூரை.

கல்லை மியூசியம் வாங்காது. கண்ணாடி அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள், பார்க்க அழகாகவே இருக்கிறது. அடுத்த கடிதத்தில் அளவு நோட்டின் படத்தையும், மேல்வீட்டுக் கழிவுநீர்க் குழி விரிசலிலிருந்து எத்தனை அடி என்பதையும் எழுதுங்கள்.