வேன் கண்ணாடியில் தெரிந்தவை: வளர்ந்த பிள்ளைகளோடு மலையகப் பயணம் (கேள்வி பதில்)

ஹட்டனில் 18 வருடமாக வேன் ஹயர் ஓடுகிறேன். வீட்டில் 17 வயதில் மகள், 14 வயதில் மகன். முன் கண்ணாடியில் பார்த்த சண்டைகளும் என் வீட்டுச் சண்டைகளும்தான் என் படிப்பு. விடுமுறை நெருங்குவதால் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

வவுனியாவிலிருந்து ஓர் அம்மா: மகனுக்கு 15 வயது. நுவரெலியா போவோம் என்றால் "நீங்க போங்க, நான் வீட்டில இருக்கிறன்" என்கிறான். இழுத்துக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா?

கூட்டிக்கொண்டே வாருங்கள் அக்கா. ஆனால் ஒரு நாளை அவனுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். "எங்கே போகலாம்?" என்று பொதுவாகக் கேட்டால் "எங்கேயாவது" என்றுதான் பதில் வரும். இரண்டாம் நாள் உன்னுடையது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே சாப்பிடுவது எல்லாம் நீ சொல், செலவு இவ்வளவுக்குள் என்று சொல்லுங்கள். சொன்ன பிறகு அதில் கை வைக்கக் கூடாது.

போன வருடம் என் மகளிடம் அப்படி விட்டேன். ஹக்கல பூங்கா, சீதா எலிய கோயில் என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவளோ கிரகரி வாவிக் கரையில் இரண்டு மணித்தியாலம் சும்மா உட்கார்ந்து அவித்த சோளம் தின்றாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இரண்டாவது சோளம் பாதி முடிந்தபோது, நாலு மாதமாக வீட்டில் சொல்லாத ஒரு பள்ளிக்கூடப் பிரச்சினையை அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள்.

கொழும்பிலிருந்து ஓர் அப்பா: இரண்டு நாளில் கண்டி, ரம்பொடை, நுவரெலியா, எல்ல எல்லாம் பார்த்துவிடலாமா? இரண்டு பிள்ளைகள், 13, 16.

பார்க்கலாம், வேன் ஜன்னலால். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு 77 கிலோமீட்டர்தான். ஆனால் வளைவும் லொறியும் சேர்ந்தால் மூன்று மணித்தியாலம் போய்விடும். ஏப்ரல் சீசன் என்றால் நகருக்குள் நுழையவே தனி நேரம் வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், வழியில் ஒரு தேநீர் நிறுத்தம். அதற்கு மேல் ஏற்றினால் மூன்றாவது நீர்வீழ்ச்சிக்கு மூத்த பிள்ளை வேனைவிட்டு இறங்கவே மாட்டான். "இறங்கிப் பார்த்தாத்தான் என்ன, காசு கட்டி வந்திருக்கோம்" என்று அப்பா ஆரம்பிப்பார். இந்த வசனம் எனக்கு மனப்பாடம்.

மாத்தளையிலிருந்து: ஹோட்டன் சமவெளி போக விடிய நாலு மணிக்கு எழுப்ப வேண்டும். எழுப்பும்போதே சண்டை. பிந்திப் போனால் என்ன?

பிந்தினால் மூடுபனியைத்தான் பார்ப்பீர்கள். ஆறு மணிக்கு வாசல் திறக்கும், ஒன்பது பத்து மணிக்கெல்லாம் உலக முடிவில் (World's End, மலை செங்குத்தாக இறங்கும் விளிம்பு) பனி ஏறிவிடும். நடை ஒன்பது கிலோமீட்டர் சொச்சம், ஆகவே விடியப் போவதுதான் சரி.

ஆனால் பிள்ளை சோம்பேறி இல்லை. இந்த வயதில் உடம்பின் கடிகாரம் பிந்தித்தான் ஓடும். இரவு பதினொன்றுக்கு முன் தூக்கம் வராது, எட்டிலிருந்து பத்து மணித்தியாலம் தூக்கமும் வேண்டும். நாலு மணி நமக்கு விடியற்காலை, அவர்களுக்கு நடுச்சாமம். முதல் நாள் இரவே பையைக் கட்டி, போட்டுக்கொள்ளும் உடுப்போடு படுக்கச் சொல்லுங்கள். எழுப்பி, தலையணையோடு வேனில் ஏற்றி, அங்கே போகும்வரை ஒருவரும் பேச வேண்டாம். பக்திப் பாட்டும் போட வேண்டாம் (என் வேனில் அதற்காகவே ஒரு குடும்பம் பாதி வழி முறைத்துக்கொண்டு வந்தது). வாசலில் பொலித்தீன் பைகளைக் கழற்ற வைப்பார்கள், ரொட்டியை டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் காலை யாரையும் எழுப்பாதீர்கள்.

கிளிநொச்சியிலிருந்து: மகளுக்கு 13. வளைவு ரோட்டில் சத்தி எடுக்கிறாள். பிறகு நாள் முழுக்க எரிச்சல். என்ன செய்யலாம்?

இது என் பாடம், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

சத்தி திடீரென்று வராது. பேசிக்கொண்டு வந்த பிள்ளை பேச்சை நிறுத்தும். கொட்டாவி விடும். எச்சிலை அடிக்கடி விழுங்கும், உதடு வெளிறும். கண்ணாடியில் இரண்டாவது கொட்டாவியைப் பார்த்தால் நான் இடம் பார்த்து ஓரம் கட்டிவிடுவேன். பத்து நிமிடம் வெளியே நடந்தால் பாதி சரியாகும். "இன்னும் கொஞ்சத் தூரம்தான், தாங்கிக்கொள்" என்பதுதான் பிழை.

கடைசி சீட் வேண்டவே வேண்டாம். முன்னால், ரோட்டைத் தூரத்தில் பார்க்கிற மாதிரி உட்கார வையுங்கள். கண் போனில் இருக்க, உடம்பு வளைவில் ஆட, இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டுகிறது. ஆகவே வளைவில் போன் பைக்குள். இதைத் தண்டனை மாதிரிச் சொல்லாமல் காரணத்தைச் சொல்லுங்கள், கேட்பாள். வெறும் வயிறும் வேண்டாம், கொத்து ரொட்டியும் வேண்டாம். பிஸ்கட், இஞ்சி பிளேன்டீ போதும். வேனில் வாசனைப் போத்தல் தொங்கினால் கழற்றச் சொல்லுங்கள், டிரைவர் கோபிக்க மாட்டார். மாத்திரை என்றால் மருந்துக்கடையில் வயதைச் சொல்லிக் கேட்டு, கிளம்ப அரை மணித்தியாலத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும். தூக்கம் வரலாம்.

அப்புறம், ஹோட்டலில் இறங்கியதும் எல்லோர் முன்னாலும் "இவ வழியெல்லாம் சத்தி" என்று சொல்லாதீர்கள். அன்றைய எரிச்சலில் பாதி அதுதான்.

பேராதனையிலிருந்து: ரயிலில் போனால் மகன் கதவில் தொங்கிப் படம் எடுப்பேன் என்கிறான்.

இதில் மட்டும் பேரம் இல்லை. கொழும்பு–பதுளைப் பாதையில் 40க்கும் மேல் சுரங்கங்கள். பாறையும் மரக்கிளையும் பெட்டியை உரசுகிற மாதிரித்தான் போகும். தொங்கி விழுந்து செத்தவர்கள் இருக்கிறார்கள். ஜன்னல் சீட்டை அவனுக்குக் கொடுங்கள், கையை உள்ளே வைத்துப் படம் எடுக்கட்டும். முழுப் பாதையும் வேண்டாம், பத்து மணித்தியாலத்தில் யாருக்கும் பொறுமை போய்விடும். நானுஓயாவிலிருந்து எல்ல வரை போதும். நாட்டின் மிக உயரமான நிலையமான பட்டிப்பொலயும் அதற்குள் வந்துவிடும். மழைக் காலத்தில் மண்சரிவால் பாதை மூடப்படும், முதல் நாளே நிலையத்தில் கேளுங்கள்.

பண்டாரவளையிலிருந்து, எனக்கு 16 வயது: அம்மா ஒவ்வொரு சந்தியிலும் போட்டோ எடுத்து என்னைக் கேட்காமல் பேஸ்புக்கில் போடுகிறார். எப்படிச் சொல்வது அங்கிள்?

படம் எடுக்கும்போது சொல்லாதே மகள், அது சண்டையாகத்தான் முடியும். கிளம்புவதற்கு முதல் நாள் சொல். "எத்தனை வேணும்னாலும் நிக்கிறேன், போடுறதுக்கு முன்னால எனக்குக் காட்டுங்க." நின்று கொடுப்பதாகச் சொன்னால் அம்மா பாதி இறங்கிவிடுவார்.

டொரொன்டோவிலிருந்து: அப்பா பிறந்தது பொகவந்தலாவைப் பக்கத் தோட்டம். சொந்தங்கள் இன்னும் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்). பிள்ளைகளுக்கு 16, 13. தமிழ் விளங்கும், பேச வெட்கம். முகம் சுளித்து அவர்கள் மனத்தை நோகடித்துவிடுவார்களோ?

பிள்ளைகளைவிடப் பெரியவர்களால்தான் நோகும் தம்பி. சிலர் லய வாசலில் நின்றே "பார், எவ்வளவு கஷ்டப்படுறாங்க, நீங்க கொடுத்து வச்சவங்க" என்று பாடம் எடுப்பார்கள். உள்ளே பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருக்கும் மாமிக்கு அது கேட்கும். கக்கூஸ் வெளியே, அறை சின்னது, அடுப்புப் புகை கண்ணைக் கரிக்கும் என்பதையெல்லாம் வேனிலேயே சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளுக்குக் கைவேலை கொடுங்கள், தமிழ் தானாக வரும். ஒருமுறை நான் கூட்டிப்போன ஒரு பெண் பிள்ளை வாசற்படியில் போனோடு உட்கார்ந்திருந்தாள். மாமி பேசாமல் கையைப் பிடித்து மலைக்குக் கூட்டிப்போய், கூடைக் கயிற்றை அவள் தலையில் மாட்டிவிட்டார். இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் என்று காட்டியும் பிள்ளை முத்தலாகவே கிள்ளினாள். மாமி ஒவ்வொன்றாகப் பொறுக்கி வீசிவிட்டு, "இதுக்குப் பேரு கொழுந்தா? இதை நிறுத்தா கணக்கப்பிள்ளை என்னைய வெரட்டுவான்" என்றார் (கணக்கப்பிள்ளை என்றால் தோட்டத்து மேற்பார்வையாளர்). திரும்பி வரும்போது அந்த வசனத்தை அவள் நாலு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

சொந்தங்களிடம் முன்பே போனில் ஒன்று சொல்லிவையுங்கள்: பரீட்சை, மார்க்ஸ் கேட்க வேண்டாம். பின்னேரம் மழை பிடிக்கும், தோட்ட ரோடு குழியும் சேறும். நாலு மணிக்கு முன் கிளம்பிவிடுங்கள்.